எல்லை தாண்டினால் பேசும் வண்டு

நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் அடுத்தவர் வயிற்றில் புளியைக் கரைப்பதற்கென்றே சில பேர் பிறந்திருக்கிறார்கள். கல்யாண பஸ் ஓட்டி வந்த ஆறுச்சாமி அதில் முதல் ஆள். பொள்ளாச்சியிலிருந்து பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கேரளாவின் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அம்பராம்பாளையத்தில் டீக்கு நிறுத்தினார். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"ஏனுங்க, வண்டு வெச்சிருக்கறவங்க யாராச்சும் இருந்தா இப்பவே மனசைத் தேத்திக்கங்க. இன்னைலருந்து புதுச் சட்டம். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டுனா அது வாயைத் தொறந்து பேசுமாம்."

பெண்ணின் அம்மா வளர்மதிக்கு டீ புரையேறிவிட்டது.

வண்டு என்று ஊரே சொல்கிற அந்தச் சாமானுக்கு அரசாங்கம் வைத்த பெயர் கைக்காவலன். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் தயாராகும். கட்டைவிரலால் அழுத்தினால் எதிரே நிற்கிற ஆள் கைகால் விளங்காமல் அரைமணி நேரம் தரையில் கிடப்பார். உயிருக்கு ஆபத்தில்லை, விழுகிற இடத்தில் அம்மிக்கல் கிடக்காத வரைக்கும். துப்பாக்கிக்குக் கொடுப்பதுபோல இதற்கும் லைசென்ஸ் உண்டு. தமிழ்நாட்டில் வைத்திருக்கலாம், வெளியே காட்டக் கூடாது. காட்டினால் மிரட்டல் கேஸ். கேரளாவில் அப்படியே தலைகீழ்: வைத்திருக்கலாம், மறைக்கக் கூடாது. கர்நாடகாவில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

வளர்மதியின் கொழுந்தனார் யுவராஜுக்கு இந்த விஷயத்தில் பெரிய அபிப்பிராயங்கள் இருந்தன. 'ஒரே நாடு, ஒரே வண்டு' என்று சங்கம் வைத்து ஊர்வலம் போன ஆள் அவர்.

"எங்கூர்ல குடுத்த லைசென்சு ஆத்தைத் தாண்டுனா செல்லாதுன்னா அது என்னங்க நாடு? பொள்ளாச்சில கட்டுன தாலி பாலக்காட்டுக்குப் போனா கழண்டா விழுந்துருது?" என்று அவர் டீக்கடை பெஞ்சைத் தட்டினார்.

"அட, செல்லும்னுதாந்தம்பி இப்ப சொல்லிட்டாங்க," என்றார் ஆறுச்சாமி. "எல்லா ஊர் லைசென்சும் எல்லா ஊர்லயும் செல்லும். ஆனா வண்டு எந்த மண்ணுல நிக்குதோ அந்த மண்ணுச் சட்டப்படி நடந்துக்கும். என்ர டிரைவிங் லைசென்சும் அங்க செல்லுது. அதுக்குன்னு அவங்க ஒன்வேல நான் எதுக்க ஓட்ட முடியுமா?"

"அப்ப அங்க போனா என்ன பண்ணும்?"

"மறைக்கப்படாதில்ல? அதனால அதுவே சத்தமாச் சொல்லிப்போடும். கடைசியா எந்த ஆளைக் கண்டு பயந்து இறுக்கிப் பிடிச்சீங்களோ, அந்த ஆள் பேரு. என்னைக்குப் பிடிச்சீங்கன்னும் சொல்லும். குறி வெக்கப்பட்டவனுக்குத் தன்னையக் குறி வெச்சது தெரியோணுமில்லைங்க? அதான் அவங்க நியாயம். எல்லையைத் தாண்டறப்ப ஒருக்கா, அந்த ஆள் எதிர்ல வந்து நின்னா ஒருக்கா."

"அதுக்கெப்படிப் பேரு தெரியும்?" என்று நாத்தனார் மஞ்சுளா கேட்டாள். கையிலிருந்த டீயை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"கேசுன்னு வந்தா சாட்சி வேணும்னு, எதுக்க நிக்கறவங்க முகம், போனு, நம்ம நெஞ்சு அடிக்கற வேகம் எல்லாத்தையும் அது ஆரம்பத்துலருந்தே குறிச்சுத்தான் வெக்கிது. இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். சும்மா வெளையாட்டுக்குப் பிடிச்சா கணக்குல வராது. நெஞ்சு நெசமாவே படபடன்னு அடிச்சிருக்கோணும்."

வளர்மதி முந்தானைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். இடுப்பில், சேலை மடிப்புக்குள் வண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. புருஷனுக்குக்கூடத் தெரியாது. கல்யாண நகை கையில் இருக்கிறதே, வழியில் எவனாவது வந்தால் என்று காலையில் எடுத்து வைத்தது இப்போது வினையாகிவிட்டது.

அது யார் பெயரைச் சொல்லும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பிரமிளா. மாப்பிள்ளையைப் பெற்ற மகராசி.

போன மாதம் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது நடந்த கூத்து அது. சம்பந்திகள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தட்டைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பிரமிளா ஒற்றைக் கையை நீட்டினாள். இடது கை முந்தானைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தது. கண் வேறு வளர்மதியையே குத்தியது. வளர்மதிக்குக் குப்பென்று வியர்த்து, தன் இடது கையும் தானாக இடுப்புக்குப் போய்விட்டது. இவளும் ஒற்றைக் கையால்தான் தட்டை வாங்கினாள். ஊர் உறவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் வீட்டுக்காரிக்கு எவ்வளவு திமிர் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டதாகக் காதுக்கும் வந்தது. ஒரு மாதமாகக் கெஞ்சிக் கூத்தாடி அதைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிற நேரத்தில், 'இவள் உன்னைக் குறி வைத்தாள்' என்று இடுப்பிலிருந்தே ஒரு சனியன் கத்தினால் கல்யாணம் நடக்குமா? மகள் ஆதிரை அந்தக் கிரிதரன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் எல்லையிலேயே ஆரத்தித் தட்டோடு நிற்பதாக வேறு போன் வந்துவிட்டது.

தூக்கி எறியவும் வழியில்லை. ஆளை விட்டு இரண்டு முழம் விலகினால் 'தொலைந்துவிட்டேன்' என்று அது ஊரைக் கூட்டி அலறும். வீட்டில் அதற்கென்று இருக்கிற பெட்டியில் போட்டால்தான் சும்மா கிடக்கும். பெட்டி பொள்ளாச்சியில் பீரோவுக்குள் இருக்கிறது.

யோசித்து யோசித்து வளர்மதிக்கு மூளையில் பளிச்சென்று ஒன்று வெட்டியது. கடைசியாகக் கண்டு பயந்த ஆள் பெயரைத்தானே சொல்லும்? எல்லை வருவதற்குள் வேறு யாரையாவது கண்டு பயந்துவிட்டால் பிரமிளாவின் பெயர் பின்னுக்குப் போய்விடுமே! சொந்தக்காரர்கள் பஸ் நிறைய இருக்கிறார்கள். பயப்பட ஒரு ஆள் கிடைக்காமலா போவார்?

முதலில் யுவராஜ். ஆறடி உயரம், மீசை, ஊர்வலத்தில் போட்டுப் போட்டுக் கனத்த தொண்டை. பஸ்ஸில் ஏறியதும் அவர் பக்கத்தில் போய் நின்று, கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏன் தம்பி, தோட்டத்தைப் பாகம் பிரிச்சப்ப கெணத்துப் பக்கத்தை உங்க பேருக்குத் தள்ளிக்கிட்டீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அந்த மனிதர் கோபத்தில் எழுந்து கத்துவார், தனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று வளர்மதி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"தப்புத்தானுங்க அண்ணி," என்றார் யுவராஜ், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாமுங்க."

"எந்திரிச்சு நின்னு சத்தம் போடுங்களேன்! மீசை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"எடுத்தர்றேனுங்க அண்ணி."

சை என்றாகிவிட்டது. யுவராஜின் மனைவி கோகிலா வாயாடி என்று பெயரெடுத்தவள். அவளிடம் போய், உன் சமையலை நாய் முகர்ந்து பார்க்காது என்று சொல்லிப் பார்த்தாள். கோகிலா கண்ணில் நீர் கட்ட, "கத்துக்கறேனுங்க அக்கா" என்றாள். மஞ்சுளாவிடம், கல்யாணத்துக்கு வருகிற சேலையா இது என்று கேட்டாள். அவள் ஜன்னலோரமாக இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். ஆறுச்சாமியிடம் போய், இப்படி ஓட்டினால் லைசென்ஸைப் பிடுங்க வைத்துவிடுவேன் என்று அதட்டினாள். முரட்டு ஆள், திருப்பி நாலு வார்த்தை கேட்பார் என்று பார்த்தால், அவர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

கடைசியாகப் புருஷன் செந்தில்நாதன். அவர் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாத மனிதர். என்ன செய்வது, ஆபத்துக்குப் பாவமில்லை.

"ஏனுங்க, என்னையத் திட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான். நல்லா ஓங்கித் திட்டுங்க. கையை ஓங்கினாலும் பரவால்ல."

செந்தில்நாதன் மிரண்டுபோய் மனைவியைப் பார்த்தார். உதட்டை இரண்டு தடவை ஈரப்படுத்திக்கொண்டார். "நீ... நீயி... காலைல டிபன் சாப்புட்டியா இல்லையா?"

வளர்மதி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு பஸ் நிறைய ஆள் இருந்தும் பயப்படுவதற்கு ஒரு நாதியில்லை. இதற்குள் கோபாலபுரம் வந்துவிட்டது. சாலையின் குறுக்கே மஞ்சள் கோடு, அதற்கு அந்தப் பக்கம் காக்கிச் சீருடைகள், பந்தல், மேளம், பட்டுச் சேலைகள். நடுவில் ஆரத்தித் தட்டோடு பிரமிளா.

பஸ் கோட்டைத் தாண்டியது.

"ஸ்ரத்திக்குக," என்றது ஒரு பெண் குரல்; கவனிக்கவும் என்று அர்த்தம். ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதம் என்று சொல்கிற அதே சாவகாசம், மலையாள வாடையடிக்கிற தமிழ். "யுவராஜ். மறைவாயுதம் உண்டு. கடைசியாகப் பிடித்தது இன்று காலை. பயமூட்டிய ஆள், வளர்மதி."

மேளம் நின்றது. யுவராஜ் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டார். பொத்தினால் நிற்குமா?

"ஸ்ரத்திக்குக. கோகிலா. இன்று காலை. வளர்மதி."

"அக்கா, நீங்க சமையலைச் சொன்னப்பங்க..." என்று கோகிலா விசும்பினாள்.

"ஸ்ரத்திக்குக. மஞ்சுளா. இன்று காலை. வளர்மதி."

"ஸ்ரத்திக்குக. ஆறுச்சாமி. இன்று காலை. வளர்மதி."

"உங்ககிட்டயுமா?" என்று வளர்மதி அலறினாள்.

"ராவெல்லாம் வண்டி ஓட்டறவனுங்க," என்றார் ஆறுச்சாமி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "திருடனுக்குக்கூடப் பிடிச்சதில்லைங்க, சாமி சத்தியமா."

அடுத்த குரல் அவள் பக்கத்து சீட்டிலிருந்தே வந்தது.

"ஸ்ரத்திக்குக. செந்தில்நாதன். இன்று காலை. வளர்மதி."

அவள் திரும்பிப் பார்த்தாள். செந்தில்நாதன் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பற்றி அழக்கூட நேரமில்லை, ஏனென்றால் அவள் இடுப்பே பேச ஆரம்பித்துவிட்டது.

"ஸ்ரத்திக்குக. வளர்மதி. மறைவாயுதம் உண்டு. கடைசியாகப் பிடித்தது சென்ற மாதம். பயமூட்டிய ஆள், பிரமிளா."

பஸ் படிக்கட்டருகே நின்ற பிரமிளாவின் கையில் ஆரத்தித் தண்ணீர் ததும்பிக் கொட்டியது. வளர்மதி எப்படியோ இறங்கினாள். "சம்பந்தியம்மா, எம் மேல இருக்கற கோவத்தைப் புள்ளைங்க மேல காட்டிராதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் எதிரே வந்து நின்றதுதான் தாமதம், பிரமிளாவின் கழுத்தில் தாலிக்கொடியோடு சேர்த்து வெளியே எடுத்துவிட்டிருந்த வண்டு கனைத்தது.

"ஸ்ரத்திக்குக. பிரமிளா. வெளியாயுதம். கடைசியாகப் பிடித்தது சென்ற மாதம். பயமூட்டிய ஆள், வளர்மதி."

"ஆங், இதோட ஆறு," என்று யாரோ பின்னால் எண்ணினார்கள்.

"அப்ப எங்கூர் லைசென்சு உங்கூர்ல செல்லாது, மறைச்சுத்தான் கொண்டு போகணும்னாங்க," என்றாள் பிரமிளா. "எனக்கு மறைச்சுப் பழக்கமே இல்லை, பாத்துக்கோங்க. முந்தானைக்குள்ள நழுவி நழுவிப் போச்சு. அதைத் தேடிட்டிருக்கறப்ப நீங்க மொறச்சீங்க. நான் பயந்துட்டேன். நீங்க ஒத்தக் கையில தட்டை வாங்குனதுக்கு நான் ரெண்டு நாள் சோறு எறங்காம கெடந்தேன்."

"நான் மொறைக்கலைங்க! நீங்க மொறச்சீங்கன்னுதான் நான்..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இரண்டு வீட்டிலும் வழக்கு நடந்தது. எப்படியோ, செக்போஸ்ட் பந்தலிலேயே பழத்தட்டைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கையாலும் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கி, இன்னொரு தரம் மாற்றிக்கொண்டார்கள். மேளக்காரர் தானாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வளர்மதிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் சரி. ஷைனி என்ற பெண் எஸ்.ஐ. விறைப்பாக வந்து சல்யூட் அடித்தார்.

"சேச்சி, ஆறு பேர் உங்களைக் குறி வெச்சிருக்காங்க. அஞ்சு தாண்டினா இவிடத்தெ சட்டப்படி நீங்க ஆபத்துல இருக்கற ஆளு. போலீஸ் காவல் கொடுக்கணும். பேடிக்கண்டா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

"எனக்கெதுக்குங்க காவல்? பயப்படறது அவங்கதானுங்களே!"

"பயந்தவங்க கையிலதானே சேச்சி ஆயுதம் இருக்கு," என்றார் ஷைனி.

அப்படியாக, ஆதிரையின் கல்யாணத்தில் மணமேடையில் பெண்ணைப் பெற்றவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண் போலீஸ் நின்றார்கள். கல்யாண போட்டோ அத்தனையிலும் அவர்கள் இருக்கிறார்கள். பந்தியில் வளர்மதி இலையில் பாயசம் ஊற்ற வந்தவனை நிறுத்தி ஒரு போலீஸ்காரி ருசி பார்த்தாள்; நன்றாக இருந்ததால் இரண்டு தடவை ருசி பார்த்தாள். பிரமிளாவுக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான். வளர்மதி எதிரே வந்தால் வண்டு பேசும் என்று உறவினர் ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். வெளியே சிரித்துக்கொண்டாலும் அவளுக்கு உள்ளே சுருக்கென்று குத்திக்கொண்டேயிருந்தது. தான்தான் பயந்துகொண்டு வாழ்கிறவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மாமியார் போனபின் இத்தனை பேரைக் கட்டி மேய்க்கிற குடும்பத்தில், கத்தினால்தானே காரியம் நடக்கிறது என்று கத்தியிருந்தாள். அது இவ்வளவு பேர் இடுப்பில் போய் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டது?

தாலி ஏறியபின் மகளைத் தனியாக மடக்கிக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, பஸ்ல உன்ர பக்கம் மட்டும் சத்தமே வரலியே? நீ ஒண்ணும் வெச்சுக்கலையா?"

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றாள் ஆதிரை, மாலையைச் சரிசெய்துகொண்டே. "நீ இருக்கறப்ப எவன் எங்கிட்ட வருவான்?"

வளர்மதிக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை கிரிதரன் இரண்டடி தள்ளியே நின்றான்.

சாயங்காலம் பெண்ணை விட்டுவிட்டு பஸ் திரும்பியது. கோபாலபுரத்தில் பெண் போலீஸ் இரண்டு பேரும் இறங்கிக் கையாட்டினார்கள். கோட்டைத் தாண்டியதும் வண்டுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. பஸ்ஸுக்குள் உடனே பழைய தேன் வழிய ஆரம்பித்தது. "அண்ணி, காத்து வருதுங்களா?" என்றார் யுவராஜ். "அக்கா, முறுக்குச் சாப்புடறீங்களா?" என்றாள் கோகிலா. மஞ்சுளா தலையணை கொடுத்தாள். வளர்மதி அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கை எங்கே இருக்கிறது, எந்த மடிப்புக்குள் இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவரைக்கும் வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கம் வந்ததும் பயமாக இருந்தது.

பக்கத்தில் செந்தில்நாதன் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அந்த விஷயத்தைப் பற்றி அவர்கள் பேசவில்லை. மகளும் இனி வீட்டில் இல்லை. வீட்டுக்குப் போனால் இவரும் அவளும் மட்டும்தான்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக.

"ம்."

"நேத்துக் காலைல பிடிச்சீங்களே. அதுக்கப்புறம் பிடிச்சீங்களா?"

"இல்லையே."

"இப்ப? துண்டுக்கடியில?"

"இல்ல புள்ள."

இருபத்தெட்டு வருஷமாக அவள் எதைக் கேட்டாலும் இவர் 'இல்ல', 'செரி' என்றுதான் சொல்லியிருக்கிறார். அதில் எத்தனை நிஜமோ! நம்பாமல் வீட்டுக்குப் போய் இந்த மனிதரோடு எப்படிச் சோறு தின்பது? வளர்மதி எழுந்து நின்றாள்.

"ஆறுச்சாமியண்ணா, வண்டியை நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால எடுங்க."

"எதாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களாங்க?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் எடுங்கன்னா எடுங்க!"

ஆறுச்சாமி பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்தார். செக்போஸ்ட்காரர்கள் விசில் ஊதினார்கள். மஞ்சள் கோடு மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போயிற்று. யுவராஜும் கோகிலாவும் மஞ்சுளாவும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அவர்கள் பெயரெல்லாம் நேற்றுக் காலை என்றே வந்தது. வளர்மதியின் காது அதில் இல்லை.

"ஸ்ரத்திக்குக. செந்தில்நாதன். கடைசியாகப் பிடித்தது நேற்றுக் காலை. பயமூட்டிய ஆள், வளர்மதி."

நேற்றுத்தான். பொய் சொல்லவில்லை. அவள் அப்படியே சீட்டில் சாய்ந்தாள்.

"ஸ்ரத்திக்குக. வளர்மதி. கடைசியாகப் பிடித்தது சற்றுமுன். பயமூட்டிய ஆள், செந்தில்நாதன்."

வளர்மதி குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அது முந்தானைக்குள் இருந்தது. இறுகியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் 'பிடித்தேன்' என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது என்றுதான் அவ்வளவு நேரமும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

செந்தில்நாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். யுவராஜைப் பார்த்தார், மஞ்சுளாவைப் பார்த்தார், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னையா?" என்றார், மனைவியிடம். "என்னையக் கண்டா?"

வளர்மதி தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

செந்தில்நாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து யாரும் கேட்டிராத ஒரு குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"ஆறுச்சாமி! வண்டியைக் கொஞ்சம் முன்னால உட்டு, இன்னொருக்கா பின்னால எடுங்க. எனக்குச் செரியாக் கேக்கலை."